காலி ஆஸ்பத்திரிக்கு ஜாமீன்

பாழடைந்த ஆஸ்பத்திரிகளைப் படம் எடுப்பவன் என்று சொல்லிக்கொண்டு பெண் கேட்கப் போக முடியாது. நல்லவேளை, எனக்கு அந்தப் பைத்தியம் கல்யாணத்துக்குப் பிறகுதான் பிடித்தது. வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண ஆல்பம் எடுக்கிறேன். மிச்ச நேரத்தில் கைவிடப்பட்ட காசநோய் விடுதி, பூட்டிய தொழுநோய் இல்லம், ஆளில்லாத மனநோய்க் காப்பகம் என்று எங்காவது சுவரேறிக் குதித்து, துருப்பிடித்த கட்டிலையும் உதிர்ந்த காரையையும் எடுத்துக்கொண்டு வருவேன். சென்னையில் இதை ரசிப்பதற்கென்று முப்பது பேர் இருக்கிறார்கள். முப்பது பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

அவர்களில் ஓர் அம்மாள் கண்காட்சிக்கூடம் வைத்திருக்கிறார். "வளைகுடாவில் இடிபாடுகள்னு ஒரு தொடர் பண்ணுங்களேன், யாருமே பண்ணலை" என்றார். யாரும் பண்ணாததற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் சித்தி மகன் ரமேஷ் துபாயில் அக்கவுண்டண்ட். அவன் இரண்டு மாதத்துக்கு விசிட் விசா எடுத்து அனுப்பினான். பத்து நாளில் வேலையை முடித்துக்கொண்டு திரும்புவதாகத் திட்டம்.

இது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. அன்றைய துபாயில் பார்த்த இடமெல்லாம் கிரேன். விமான நிலையத்திலிருந்து வரும்போதே, "இங்கே பழைய கட்டடம் எங்கே இருக்கு?" என்று ரமேஷிடம் கேட்டேன்.

"பழசுன்னா எங்க பில்டிங்தான்ணா. எட்டு வருஷம் ஆச்சு. இடிக்கப்போறாங்கன்னு பேசிக்கிறாங்க."

நம் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி பாழாக எண்பது வருஷம் பிடிக்கும். பாழான பிறகும் அதில் வைத்தியம் நடக்கும். இங்கே எட்டே வருஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ரமேஷின் ஆறு வயது மகளிடம் நான் வந்த காரணத்தைச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கே உடம்பு சரியில்லையா அங்கிள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த வீட்டில் என் கலையைப் புரிந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

மறுநாள் துபாயின் பழைய கடைத்தெருப் பகுதியான தேராவுக்குப் போனேன். படகில் கால்வாயைக் கடந்து, மசாலாக் கடைகளின் வாசத்தில் இரண்டு முறை தும்மி, ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். துபாயில் சாம்பார் ஒரே மாதிரி இருக்கும். எல்லா மாவட்டத்துக்காரர்களுக்கும் பொதுவாக வைப்பதால் எந்த மாவட்டத்துக்காரருக்கும் அது பிடிப்பதில்லை. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ராஸ் அல் கைமாவுக்கு மேலே மலையடிவாரத்தில், கல்குவாரி ஆட்களுக்காக ஒரு கம்பெனி கட்டிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம். குவாரி நின்றதும் அதையும் மூடிவிட்டார்களாம்.

"டாக்டரு, நர்ஸு, பேஷண்டு எல்லாம் போயாச்சு. வாச்மேன் மட்டும் இருக்காரு. நம்ம ஆளுதான், ராமநாதபுரத்துக்காரரு."

இலையை மடிக்கக்கூட மறந்து எழுந்தேன்.

மூன்றாம் நாள் வாடகைக் கார். ஓட்டியவர் குல்கான் என்ற பட்டாணியர். ஏசி வேலை செய்கிறதா என்று ஏறும்போதே கேட்டேன். செய்கிறது என்றார். பாதி வழியில், வண்டி மேட்டில் ஏறும்போது மட்டும் செய்யாது என்றார். நாங்கள் போன வழி முழுக்க மேடு. ஓரிடத்தில் டீ குடிக்க நிறுத்தினார், ஓரிடத்தில் தொழ நிறுத்தினார், ஓரிடத்தில் தன் மச்சானைப் பார்க்க நிறுத்தினார். மச்சான் ஊரில் இல்லை. அதற்கப்புறம் ரேடியேட்டர் கொதித்து, நான் குடிக்க வாங்கி வைத்திருந்த மூன்று பாட்டில் தண்ணீரையும் அது குடித்தது.

எங்கே போகிறோம் என்று அவருக்கு விளங்கவைக்க என் இந்தி போதவில்லை. எப்படியோ சொல்லி முடித்ததும் உருதில் நீளமாக ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குப் புரிந்த அளவில் அதன் தமிழ் இது: "தம்பி, மூடிய ஆஸ்பத்திரியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? எங்கள் ஊருக்கு வா. திறந்திருக்கும் ஆஸ்பத்திரியே அப்படித்தான் இருக்கும். காசு கொடுக்காமலே படம் எடுக்கலாம்."

ஆஸ்பத்திரி இரண்டு மாடி. சுற்றிலும் மொட்டை மலை, முன்னால் காய்ந்துபோன செயற்கை நீரூற்று. நான் இறங்கி நின்றதும், உள்ளேயிருந்து ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வாச்மேன் சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"ஆபீஸ்லருந்து வர்றீகளா சார்? நாலு வருசமா ஒருத்தரும் வரல."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ "ம்" என்றேன். அனுமதி இல்லாத இடங்களில் நுழைகிறவர்களுக்கு இந்த "ம்" ரொம்பப் பழக்கமானது. ஆமாம் என்றும் அர்த்தமாகாது, இல்லை என்றும் ஆகாது. கேட்பவர் தனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்வார். அவரும் எடுத்துக்கொண்டார்.

அவர் பெயர் செல்லையா. முதுகுளத்தூர் பக்கம். சாவிக்கொத்தை எடுத்து வந்து ஒவ்வொரு அறையாகத் திறந்துவிட்டார். நான் சொக்கிப்போனேன். உடைந்த ஜன்னல் வழியே வந்த மணல், வார்டுகளில் அலை அலையாகக் கிடந்தது. ஆபரேஷன் விளக்கில் புறா கூடு கட்டியிருந்தது. சக்கர நாற்காலி ஒன்று தாழ்வாரத்தின் நடுவில் தன்னந்தனியாக நின்றது. அறுபத்து நான்கு கட்டில்கள், எல்லாவற்றின் மேலும் இரண்டு விரல் தடிமனுக்குத் தூசி. முப்பது ரசிகர்களும் மயங்கி விழுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் உச்சிவெயில், வெளிச்சம் சரியில்லை.

"நாளைக்குக் காலையில வந்து போட்டோ எடுக்கிறேன்" என்றேன்.

"எல்லா ரூமுமா சார்?"

"எல்லா ரூமும்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். கலை எல்லாரையும் தொடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குல்கானின் வண்டி ஆச்சரியமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. வாசலில் நுழைந்ததும் டெட்டால் வாசம் அடித்தது. வார்டுக்குள் போனேன். தரை பளபளவென்று இருந்தது. கட்டில்கள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் போர்வை சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. சக்கர நாற்காலிகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சுவரோரம் அணிவகுத்து நின்றன. ஆபரேஷன் விளக்கில் புறாக்கூட்டைக் காணோம். கூட்டைப் பக்குவமாக எடுத்து வெளியே ஒரு பெட்டியில் வைத்திருந்தார்.

"சாயங்காலம் ஆரம்பிச்சது சார், இப்பத்தான் முடிஞ்சிச்சு" என்றார் செல்லையா. கண் இரண்டும் சிவந்திருந்தன. "போட்டோ எடுக்க ஆபீஸ்ல வர்றப்ப நம்ம எடம் சுத்தமா இருக்கணும்ல. எல்லாம் நல்ல கண்டிசன்ல இருக்குன்னு தெரியணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவ்வளவு தூரம் வந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் வார்த்து, கடைசியில் ஒரு சுத்தமான ஆஸ்பத்திரியையா படம் எடுப்பது? சுத்தமான ஆஸ்பத்திரியை யார் பார்ப்பார்கள்? அடுத்து நான் சொன்னதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "இந்த மணலை எங்க கொட்டினீங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி சார்."

"கொஞ்சம் எடுத்துட்டு வந்து திரும்பப் போட முடியுமா?"

செல்லையா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். வளைகுடாவில் நாலு வருஷம் வேலை பார்த்தவருக்கு எந்த உத்தரவும் புதிதல்ல. மண்வெட்டியும் சட்டியும் எடுத்து வந்தார். "எவ்வளவு போடணும் சார்?" என்றார். ஜன்னலோரம் கொஞ்சம் கூட, வாசலோரம் கொஞ்சம் கம்மி என்று நான் சொல்லச் சொல்ல, அவர் சட்டி சட்டியாகப் போட்டார். அலை மாதிரி வரவேண்டும் என்றேன். கையால் நீவிவிட்டார். நான் குனிந்தும் படுத்தும் கிளிக் செய்தேன். காற்று செய்வதைவிட அவர் நன்றாகச் செய்தார்.

பத்து மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். டாக்டர்கள் ஓய்வறையில் அடுப்பு வைத்திருந்தார். கருவாட்டுக் குழம்பு, சோறு. ஆபரேஷன் கத்தி வைக்கும் எவர்சில்வர் ட்ரேயில் எனக்குப் பரிமாறினார். தேராவில் கிடைக்காத குழம்பு இங்கே கிடைத்தது. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது.

"இங்கயா படுக்கிறீங்க? அறுபத்து நாலு கட்டில் இருக்கே."

"அது ரிஜிஸ்தர்ல இருக்கு சார். நான் படுத்து ஒரு கம்பி வளைஞ்சாலும் என் தலையிலதான் விடியும்."

பிறகு அந்த ரிஜிஸ்தரையே எடுத்து வந்தார். அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. லீவில் போகும் ஒவ்வொரு ஆளும் கையெழுத்து வாங்க வேண்டிய கிளியரன்ஸ் பாரம். அந்த ஆளிடம் கம்பெனிச் சாமான் எதுவும் பாக்கி இல்லை என்று ஸ்டோர், கிச்சன், லாண்டரி, எக்ஸ்ரே, பார்மசி, பிணவறை ஆகிய ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் கையெழுத்துப் போட்டால்தான் லீவு கிடைக்கும். எல்லாக் கட்டமும் காலியாக இருந்தது. பொறுப்பாளர்கள் நாலு வருஷத்துக்கு முன்பே அவரவர் நாட்டுக்குப் போய்விட்டார்கள். பாரம் மட்டும் ஆஸ்பத்திரி மூடியதைக் கேள்விப்படவில்லை.

"எம்பொண்டாட்டிக்குக் கருப்பையில கட்டி சார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில இன்னும் மூணு வாரத்துல ஆப்ரேசன்னு தேதி குடுத்திருக்காக. கூட இருக்க வேற ஆளில்ல. மகன் இருந்தும் இல்லாத மாதிரிதான். நாலு வருசமா லீவு கேக்குறேன், இந்தத் தடவ போயே ஆகணும். நீங்க எல்லாம் போட்டோ எடுத்துட்டீக. சாமான் அத்தனையும் சரியா இருக்குன்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிருவீகளா?"

இரவு முழுக்கத் தூங்காமல் அவர் துடைத்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆபீஸிலிருந்து வரவில்லை, சும்மா படம் எடுக்க வந்தவன் என்று சொன்னேன்.

செல்லையா கோபப்படவில்லை. கேட்டார்: "அப்ப அந்த மணலு எதுக்கு சார்?"

பாழடைந்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக என்றேன். சரி என்று தலையாட்டி ட்ரேயை எடுத்துக் கழுவப் போனார். பிறகு விளக்குமாற்றை எடுத்து, நான் போடச் சொன்ன மணலை மறுபடி கூட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. உங்கள் ஆபீஸ் எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஆபீஸ் ஷார்ஜாவில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, வெளிநாட்டில் இருந்தார். எல்லா கபீல்களும் தேவைப்படும் நேரத்தில் வெளிநாட்டில்தான் இருப்பார்கள். மேனேஜரைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. நெற்றியில் விபூதிக்கீற்று, மேஜையில் குட்டிப் பிள்ளையார். பெயர் நாகராஜன், பாளையங்கோட்டைக்காரர். நம் ஆள், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் சமோசா வரவழைத்துக் கொடுத்தார். சென்னையில் மழை எப்படி என்று விசாரித்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு செல்லையாவை நல்லாத் தெரியும் சார், தங்கமான மனுஷன். அதனாலதான் அவனை விடவே மனசு வரல" என்றார்.

"கையெழுத்துப் போட அங்க ஆளே இல்லையே சார்."

"அது ஒரு பிராப்ளம்தான். ஆனா பாரத்தை நான் மாத்த முடியுமா? மாத்தணும்னா அதுக்கு ஒரு பாரம் இருக்கு. அதுல முதலாளி கையெழுத்துப் போடணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய உதவி செய்கிற பாவனையில் சொன்னார்: "ஒரு வழி இருக்கு சார். பாரத்தை நான் பாத்துக்கறேன். அவன் திரும்பி வர்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் பாஸ்போர்ட்டைக் கேரண்டியா வைக்கட்டும். அவன் வந்ததும் வாங்கிக்கலாம். இங்க எல்லாக் கம்பெனியிலயும் நடக்கிறதுதான்."

அது உண்மைதான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவன் அவசரமாக ஊருக்குப் போக வேண்டுமானால் அவன் ரூமில் இருக்கும் இன்னொருவன் தன் பாஸ்போர்ட்டைக் கட்டிவைப்பான். போனவன் வராவிட்டால் இருந்தவன் மாட்டுவான். ஆளுக்கு ஆள் ஜாமீன். செல்லையாவுக்கு ரூம் மேட் கிடையாது. புறாக்கள் இருந்தன, அவற்றுக்குப் பாஸ்போர்ட் இல்லை.

"அதுவரைக்கும் ஆஸ்பத்திரியை யார் காவல் காப்பாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு பூட்டுப் போட்டாப் போதும் சார். அங்க எவன் வரப்போறான்?"

ஒரு பூட்டு செய்யும் வேலைக்கு ஒரு மனிதனை நாலு வருஷம் உட்கார வைத்திருந்தார்கள். இதை நாகராஜனிடம் சொன்னேன். அவரும் வருத்தப்பட்டார். இன்னொரு சமோசா எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ரமேஷிடம் வந்து கேட்டேன். "அண்ணா, என் பாஸ்போர்ட் எங்க ஆபீஸ்ல இருக்குண்ணா" என்றான். தன் பாஸ்போர்ட் தன்னிடம் இல்லாததில் ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறகு அக்கறையாக, "நீ இதுல தலையிடாதே. வந்தோமா, போட்டோ எடுத்தோமான்னு ஊருக்குப் போய்ச் சேரு" என்றான்.

மறுபடி ஷார்ஜா போனேன். வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் போனேன். நாகராஜன் சிரித்துக்கொண்டே, "நீங்க ஆர்ட்டிஸ்ட் சார். நாலு படம் எடுப்பீங்க, பாவம்னு சொல்லுவீங்க. ஒரு வாச்மேனுக்காகப் பாஸ்போர்ட்டை யாராவது வைப்பாங்களா?" என்றார். நான் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் போட்டேன். அதைப் போட்டது இரக்கம் பாதி, ரோஷம் பாதி. இதுவும் கண்காட்சியில் சொல்ல நல்ல கதை என்று உள்ளே ஒரு மூலையில் ஓடியதையும் மறைப்பதற்கில்லை. நாகராஜன் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். ரசீது தரவில்லை. வெளியே வந்து பேக்கரி வாசலில் நின்றபோது சட்டைப்பை லேசாக இருந்தது.

டிக்கெட், முத்திரை என்று மேலும் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்து, செல்லையா கிளம்பினார். முப்பது நாள் லீவு. விமான நிலையத்தில் புதுச் சட்டையில் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. "ஒங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன் சார்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் சுற்றுலாப் பயணி இல்லை, அடகுச் சாமான். முதல் வாரம் ரமேஷின் மனைவி வித்யா காலையில் இட்லி, இரவில் சப்பாத்தி என்று தாங்கினாள். இரண்டாம் வாரம் பால் டம்ளர் சிறியதாயிற்று. மூன்றாம் வாரம், ஹாலில் படுத்திருப்பவர் எப்போது எழுந்திருப்பார் என்று மகளை விட்டுக் கேட்கச் செய்தாள். நான் பகலெல்லாம் ஊர் சுற்றினேன். ஷார்ஜாவில் பாழடைந்த கட்டடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், அது கட்டி முடிக்காத புதுக் கட்டடம். அபுதாபியில் ஒரு பழைய கிளினிக் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ச் சேர்வதற்குள் அங்கே பெரிய கடை வந்துவிட்டது. குல்கான் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னுமா போகவில்லை? உன்னையும் மூடிவிட்டார்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

செல்லையா போன் கார்டு போட்டுக் கூப்பிடுவார். ரத்தம் குறைவாக இருக்கிறதென்று ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்கள் என்று ஒரு தடவை சொன்னார். அடுத்த தடவை, நல்லபடியாக முடிந்தது, கட்டி பெரிதாம், எடுத்துக் காட்டினார்களாம் என்றார். நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கூடவே காலண்டரையும் பார்த்தேன்.

இதற்கிடையில் நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டுச் சென்னை அம்மாள் துள்ளிக் குதித்தார். கண்காட்சிக்குத் தேதி வைத்து அழைப்பிதழும் அச்சடித்துவிட்டார். அட்டையில் மணல் படம். அதன் கீழே மனிதர் கைபடாத வெறுமை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்.

முப்பது நாள் முடிந்து நாலு நாள் ஆகியும் செல்லையா வரவில்லை. என் விசாவில் எட்டு நாள் பாக்கி. நாகராஜனைப் போய்ப் பார்த்தேன். "எனக்கு அவசரமே இல்லை சார்" என்றார். "அங்கதான் பூட்டுப் போட்டிருக்கே. அவன் எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துட்டு வரட்டும். உங்க பாஸ்போர்ட், உங்க இஷ்டம். நீங்க பொறுத்துக்கிட்டா நானும் பொறுத்துக்கிறேன்." அன்றைக்கும் சமோசா இருந்தது. நான் எடுக்கவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் ரமேஷ் வீட்டு போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண்ணின் குரல், ரொம்ப மெல்ல.

"சார், நான் செல்லையா வீட்டுக்காரி பேசுறேன். நீங்கதான் அவுகளுக்கு கபீலுங்களா?"

இல்லையம்மா என்றேன்.

"ஒங்ககிட்டத்தான் எல்லாம் இருக்குன்னாக. தையல் ரெண்டு எடத்துல ஆறல சார். சீழ் வைக்குது. தனியா எந்திரிச்சுப் போக முடியல. ஒரு பத்து நாளு இருந்துட்டு வாங்கன்னா கேக்க மாட்டேங்கிறாக. அந்த மனுசன் நமக்காகப் பாஸ்போட்டைக் குடுத்துட்டுக் கெடக்காரு, அவருக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன்னு பெட்டியக் கட்டி வச்சிருக்காக. இங்கனக்குள்ள வெளிய போயிருக்காக, அதான் தெரியாமப் பேசுறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பாக சார். அதுக்கப்பறம் திரும்பப் போக வேணாம்னுகூட நெனச்சிருந்தாக. ஒங்களுக்காகத்தான் வர்றாக."

பத்து நாள் கூடுதலாகத் தங்கினால் அபராதம் உண்டு. கடன் வாங்கியாவது கட்டியிருக்கலாம். கண்காட்சியைத் தள்ளி வைத்திருக்கலாம். முப்பது பேரும் காத்திருந்திருப்பார்கள், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. இதெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாகத் தோன்றுகிறது. அப்போது சமையலறையில் வித்யா பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். என் பாஸ்போர்ட் அந்த இழுப்பறைக்குள்ளேயே கிடந்து மக்கிப்போவதாக ஒரு பயம் வந்தது. அவர் திரும்ப வராமலே போய்விடக்கூடும் என்று செல்லையாவின் மனைவி வாயாலேயே கேட்டதில் அது இரட்டிப்பானது.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா விசா தேதின்னு ஒண்ணு இருக்கு. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் இங்க இருக்கணும்."

"சரிங்க சார்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமையே செல்லையா வந்து சேர்ந்துவிட்டார்.